பின்சீட்டில் அறுபது கிலோ

என் சித்தி வீட்டை விட்டுப் போனது ஒரு வியாழக்கிழமை, காலை பதினொன்றே காலுக்கு. நேரம் இவ்வளவு கச்சிதமாகத் தெரிவதற்குச் சித்தப்பாவின் வேலைதான் காரணம். ஊருக்கு வெளியே பதினைந்து கிலோமீட்டர் தள்ளி, நெடுஞ்சாலை ஓரத்து எடைமேடையில் லாரிகளை எடை போடுகிறவர் அவர். லாரி மேடையில் ஏறி நின்றதும் எடை, தேதி, நேரம் மூன்றும் அச்சாகி ஒரு சீட்டு வெளியே வரும். அன்று அப்படி வந்த சீட்டைக் கிழித்த கையோடுதான் அவர் மேசைத் தொலைபேசியை எடுத்தார்.

"நான் கிளம்பறேன். சாவி பக்கத்து வீட்ல இருக்கு," என்றாள் சித்தி.

"மூணு லாரி நிக்குது. அப்புறம் பேசறேன்," என்றார் சித்தப்பா.

மூன்று லாரிகளையும் அனுப்பிவிட்டு அவர் திரும்ப அழைத்தபோது வீட்டில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. சாயங்காலம் போய்ப் பார்த்தால் சித்தியின் தையல் மெஷின்கள் இரண்டும் இல்லை. சின்ன வேன் ஒன்று வந்து ஏற்றிக்கொண்டு போனதாகவும், சித்தி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போனதாகவும் பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

சண்டை ஒன்றும் இல்லை. தூரத்து நகரம் ஒன்றில் தையல் பள்ளி நடத்தச் சித்தியைக் கூப்பிட்டிருந்தார்கள். நீங்களும் வாங்க என்று அவள் சித்தப்பாவிடம் ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. கடைசியாக முந்தின வாரம் அவள் சொன்னது: "உங்க கூட இருந்தாலும் தனியாத்தான் இருக்கேன். அதுக்கு அங்கயே போய்த் தனியா இருந்துட்டுப் போறேன்." இதற்கு என்ன பதில் சொல்வதென்று சித்தப்பா யோசித்தார். யோசித்து முடிப்பதற்குள் வியாழக்கிழமை வந்துவிட்டது.

இதையெல்லாம் அவர் என்னிடம் ஒரே மூச்சில் சொன்னதில்லை. நான்கு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, பெட்டியை இறக்கி வைக்க ஓர் இடம் வேண்டுமென்று அவர் வீட்டில் போய் நான் தங்கிய ஆறு வாரங்களில், துண்டு துண்டாக விழுந்தவை இவை. சித்தி போய் அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது. சித்தப்பா என் அப்பாவின் தம்பி. "அவன் வாயைத் திறக்கணும்னா ஸ்பேனர் எடுத்துட்டுப் போகணும்," என்பார் அப்பா. எனக்குச் சித்தப்பா வைத்திருந்த பெயர் 'ஊர்சுத்தி'. அதையும் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் செலவழிப்பார்.

இரண்டு அறை வீடு. கட்டிலில் இரண்டு தலையணை. குளியலறையில் துண்டு மாட்ட இரண்டு கொக்கி, அதில் ஒன்று காலி. சுவரோரமாக, மெஷின்கள் இருந்த இடத்தில், தரையின் நிறம் மட்டும் வேறாக இருந்தது. பெருக்கும்போது அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போவார். அங்கே ஏதோ இன்னும் நிற்பது போல.

அவருடைய காருக்கு வயது இருபத்தாறு. தண்ணீர் கலந்த பால் மாதிரி ஒரு நிறம். முதல் நாள் அவர் என்னைப் பேருந்து நிலையத்திலிருந்து அழைத்து வர வந்தபோது, பின்கதவைத் திறந்து பையை வைக்கப் போனேன். சீட்டில் இரண்டு சாக்கு மூட்டைகள் ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. பிரேக் போட்டால் சரியாமலிருக்க சீட் பெல்ட் வேறு போட்டிருந்தது.

"என்ன சித்தப்பா இது?"

"மணல்."

"எதுக்கு?"

"லைட்டுக்கு. நீ முன்னாடி ஏறு."

மணலுக்கும் விளக்குக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரிய ஒரு வாரம் ஆனது.

சித்தி இருந்த காலத்தில் ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர்கள் இருவரும் காரில் கிளம்பிவிடுவார்கள். மூன்று சின்ன ஊர்களில் சித்தி தையல் வகுப்பு எடுத்தாள். டிக்கியில் மெஷின்கள் இரண்டும் ஏறும், பெட்டியோடு ஒவ்வொன்றும் பதினைந்து கிலோ. சித்தி எப்போதும் பின்சீட்டில்தான் உட்காருவாள். சீட் முழுக்கத் துணியைப் பரப்பி வைத்துக்கொண்டு, போகிற வழியிலேயே ஓரம் அடித்துக்கொண்டு வருவாள். "முதலாளியம்மாவும் டிரைவரும் வந்துட்டாங்க," என்று அந்த ஊர்களில் கேலி செய்வார்களாம்.

திரும்பி வரும்போது இருட்டிவிடும். பின்னால் பாரம் ஏறிய கார் மூக்கைத் தூக்கும். ஹெட்லைட் வெளிச்சம் சாலையில் விழாமல் எதிரே வருகிறவர்கள் கண்ணில் போய் விழும். வருகிற வண்டியெல்லாம் லைட்டை அடித்து அடித்துக் காட்டித் திட்டிக்கொண்டு போகும். சித்தப்பாவுக்கு அது அவமானம். அதனால் ஒருநாள் அந்தி நேரத்தில், தெருவுக்கு எதிரே இருக்கும் கிடங்கின் நீளமான சுவர் முன்னால், பத்து மீட்டர் தள்ளிக் காரை நிறுத்தினார். சுவரில் விளக்கின் உயரத்துக்கு ஒரு கோடும், அதற்கு அரை சாண் கீழே இன்னொரு கோடும் பெயின்ட்டால் போட்டார். டிக்கியில் மெஷின்களை ஏற்றி, சித்தியைப் பின்சீட்டில் உட்கார வைத்து, பானெட்டைத் திறந்து, விளக்குகளின் பின்னாலுள்ள திருகாணிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினார். வெளிச்சத்தின் மேல் விளிம்பு கீழ்க் கோட்டில் வந்து உட்கார வேண்டும். ஒரு மணி நேரம் பிடித்தது.

"இன்னும் எவ்வளவு நேரம் நான் பொம்மை மாதிரி உக்காந்திருக்கணும்?" என்று சித்தி உள்ளேயிருந்து கத்தினாளாம்.

"அசையாதே. அசைஞ்சா வெளிச்சமும் அசையுது."

அன்றிலிருந்து எதிரே வந்த யாரும் லைட் அடித்துக் காட்டவில்லை. அந்த அளவு அப்படியே நின்றுவிட்டது.

ஆனால் அது பாரத்தோடு போகும் வண்டிக்கான அளவு. சித்தியும் போய், மெஷின்களும் போன பிறகு, பின்பக்கம் லேசாகி மூக்கு தாழ்ந்தது. விளக்குகள் இரண்டும் பத்தடி முன்னால் தரையைக் குத்திப் பார்த்துக்கொண்டு போயின. வேறு யாராக இருந்தாலும் திருகாணியை இரண்டு சுற்று திருப்பியிருப்பார்கள். சித்தப்பா மூன்று மூட்டை மணல் வாங்கினார். ஒவ்வொன்றும் முப்பது கிலோ. இரண்டு பின்சீட்டுக்கு, ஒன்று டிக்கிக்கு.

இது எடைமேடைக்காரர் மட்டுமே செய்யக்கூடிய காரியம். ஒரு லாரிக்கு அங்கே இரண்டு எடை. காலியாக ஒருமுறை ஏற வேண்டும், பாரத்தோடு ஒருமுறை ஏற வேண்டும். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் சரக்கு. இருபத்தெட்டு வருடம் இதையே செய்தவருக்குக் காலி வண்டி ஒரு வண்டியாகவே படுவதில்லை. "காலி எடைங்கறது கழிக்கறதுக்குத்தான்," என்பார்.

அறுபது கிலோ என்ற கணக்கிலும் ஒரு கதை உண்டு. கல்யாணமான புதிதில் சித்தி ஒருமுறை எடைமேடையில் ஏறி நின்றிருக்கிறாள். லாரிகளுக்கான மேடை. இருபது இருபதாகத்தான் தாவும், நடுவில் உள்ள எண்கள் அதற்குத் தெரியாது. அறுபது என்று காட்டியது.

"எனக்கு அம்பத்தி மூணுதான். உங்க மேடைக்கு மனுஷங்களை எடை போடத் தெரியல," என்றாள் சித்தி.

"மேடை தப்பா சொல்லாது," என்றார் சித்தப்பா.

ஆக, மூன்று வருடமாக அவர் சித்தியைவிட ஏழு கிலோ அதிகமாக ஒருத்தியைப் பின்னால் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

அவரோடு ஒருநாள் எடைமேடைக்குப் போனேன். ஆறு மணிக்கு வேலை தொடங்கும், அந்த நேரத்துக்குப் பேருந்து கிடையாது. கண்ணாடிச் சன்னல் வைத்த சின்ன அறை, ஒரு மேசை, ஒரு நாற்காலி. அறைக்குப் பின்னால் இன்னோர் அறை பூட்டிக் கிடந்தது. ஒரு கட்டில் போட்டால் கதவைத் திறக்க முடியாது, அவ்வளவு சின்னது. எதுக்கு இவ்வளவு தூரம் வந்துட்டுப் போறீங்க, பேசாம இங்கயே தங்கிக்குங்க என்று முதலாளி வருடக்கணக்காகச் சொல்லி வருகிறாராம்.

நான் நின்ற இடத்தை விட்டு நகர நகர சித்தப்பா நகர்ந்து வழிவிட்டார். அந்த அறையில் இரண்டு பேர் இருந்து அவருக்குப் பழக்கமில்லை. நாள் முழுக்க லாரிகள் வந்தன. சன்னல் வழியாகச் சீட்டு போகும், ஒரு தலையசைப்பு வரும். ஒரே ஒருவர்தான் பேசினார். மீசைக்கார டிரைவர். பாரம் ஏற்றிக்கொண்டு இரண்டாவது தடவையாக வந்தவர்.

"காலையில காலி எடை போட்டப்ப பக்கத்துல ஒரு அம்மா இருந்தாங்களே?" என்றார் சித்தப்பா சன்னல் வழியாக.

"என் பொண்டாட்டி. பஸ் ஏத்தி விட்டுட்டேன், அவ அம்மா வீட்டுக்கு."

"அப்ப எடை தப்பு. வர்றப்ப இருந்தவங்க போறப்பவும் இருக்கணும்."

"அதை அவகிட்ட நீங்களே சொல்லுங்க எடைக்காரரே. நான் சொன்னா கேக்கறதில்ல!"

டிரைவர் சிரித்து முடிக்கும்வரை சித்தப்பா சீட்டைக் கையிலேயே வைத்திருந்தார். பிறகு வரிசையைக் காட்டி, "காலி பண்ணிட்டு மறுபடி ஏறுங்க," என்று மட்டும் சொன்னார்.

காரை அவர் பார்த்துக்கொண்ட விதத்தில் ஹெட்லைட்டுக்குத்தான் முதல் மரியாதை. பழைய காரின் விளக்கு மூடி வெயில் பட்டுப் பட்டு மஞ்சளாகி, கண்ணில் புரை விழுந்த மாதிரி ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் தண்ணீரில் நனைத்த உப்புத்தாளால், முதலில் முரடானது, பிறகு மெல்லியது, பிறகு இன்னும் மெல்லியது என்று தேய்ப்பார். முதல் தேய்ப்பில் இருந்ததைவிட மோசமாகிவிடும். பார்க்கிற நமக்குப் பயமாக இருக்கும். மூன்றாவது தாளுக்குப் பிறகு பாலிஷ் போட்டுத் துணியால் துடைத்தால் உள்ளே இருக்கும் வெள்ளிக் கிண்ணம் பளிச்சென்று தெரியும். தேய்த்து முடித்து எழுந்து நின்று இரண்டையும் மாறி மாறிப் பார்ப்பார். சொல்ல ஏதோ இருப்பது போல இருக்கும். வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு உள்ளே போய்விடுவார்.

பல்பு ஒன்று போனால் இரண்டையும் மாற்றுவார்.

"ஒண்ணுதானே போச்சு சித்தப்பா?"

"ஒண்ணு மட்டும் மாத்தினா ஒரு கண்ணு வெள்ளையா, ஒரு கண்ணு மஞ்சளா தெரியும். அசிங்கம்."

அப்படிக் கழற்றிய நல்ல பல்புகளை எறியவும் மனசு வராது. மேசை இழுப்பறையைத் திறந்து பார்த்தேன். பதினோரு பல்புகள், ஒவ்வொன்றும் தனித்தனிக் காகிதத்தில் சுற்றி, எந்தப் பக்கத்தில் இருந்தது என்று எழுதி வைத்திருந்தது. எல்லாமே எரியக்கூடியவை.

நான் இருந்தபோது இடப்பக்கத்து பல்பு போனது. ஜோடி வாங்கி வந்து, ரப்பர் மூடியைக் கழற்றி, பழையதைப் பிடித்திருக்கும் கம்பி கிளிப்பை விடுவித்த நேரத்தில் முதலாளி போனில் கூப்பிட்டார். சித்தப்பா உள்ளே போனார். உதவலாமே என்று நான் புது பல்பை எடுத்து மாட்டி, கிளிப்பையும் போட்டு, மூடியையும் மூடிவிட்டேன். அவர் வந்து பார்த்து, "பரவாயில்லையே ஊர்சுத்தி," என்றார். ஒன்பதாம் நாள் அந்த பல்பு செத்தது. வெளியே எடுத்தால் கண்ணாடியில் ஓர் இடம் கறுத்துப் புடைத்திருந்தது, விரல் அகலத்துக்கு.

"கையால தொட்டியா?"

"தொடாம எப்படி மாட்டறது?"

"கண்ணாடியில கை படக்கூடாது. விரல்ல இருக்கற எண்ணெய் ஒட்டிக்கும். சூட்டுல அந்த இடம் மட்டும் வெந்துரும்."

திட்டுவார் என்று பார்த்தேன். காகிதம் எடுத்து வலப்பக்கத்து நல்ல பல்பைச் சுற்றினார். இழுப்பறையில் இன்னொன்று கூடியது.

அந்த மாதம்தான் காருக்கு வருடாந்திரச் சோதனை. இருபது வயதைத் தாண்டிய வண்டிகளுக்கு வருடாவருடம் உண்டு. முந்தைய வருடங்களில் சோதனை நிலையத்தில் ஒருவர் நின்று, "எரியுதா? எரியுது. போங்க," என்று அனுப்பிவிடுவாராம். இந்த வருடம் புது இயந்திரம் வந்திருந்தது. தண்டவாளத்தில் நகரும் ஒரு பெட்டி. விளக்குக்கு நேராக வந்து நின்று, வெளிச்சம் எந்த உயரத்தில் போகிறது என்று எண்ணாகக் காட்டும். அதை நகர்த்துவதற்கு ஒரு பெண் அதிகாரி. சட்டைப் பையில் நான்கு பேனா, வாயில் ஓயாத பேச்சு.

காரை உள்ளே விட்டதும் பின்சீட்டை எட்டிப் பார்த்தார்.

"யாரு சார் பின்னாடி? பெல்ட் எல்லாம் போட்டுப் பத்திரமா உக்காந்திருக்காங்க?"

"மணல்மா."

"இறக்குங்க. டிக்கியும் காலியா இருக்கணும். டிரைவர் மட்டும் உக்காரணும், அதான் ரூல்."

மூன்று மூட்டைகளையும் நாங்கள் இறக்கிச் சுவரோரம் வைத்தோம். பெட்டி நகர்ந்து வந்தது. இரண்டு விளக்குமே வரம்புக்குக் கீழே. அதிகாரி தாளில் சிவப்பு முத்திரை குத்தினார். "ரெண்டு வாரத்துல சரி பண்ணிட்டு வாங்க சார். ரெண்டு திருகாணி, அவ்வளவுதான் வேலை."

அந்த இரண்டு வாரமும் சித்தப்பா திருகாணியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்தார். மூடியைப் புதிதாகத் தேய்த்தார். புது பல்பு ஜோடி போட்டார். வயர் முனைகளில் இருந்த பச்சைத் துருவைச் சுரண்டினார். பின்சக்கரங்களில் காற்றைக் குறைத்து முன்சக்கரங்களில் கூட்டிப் பார்த்தார். இரண்டாம் சோதனையில் விளக்குகள் முன்னெப்போதும் இல்லாத பிரகாசத்தோடு தரையைப் பார்த்தன.

"என்ன சார், போன தடவையும் தரையைத் தேடுனீங்க, இந்தத் தடவையும் தரையைத் தேடறீங்க. எதைத் தொலைச்சீங்க?" என்றார் அதிகாரி. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். சித்தப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்த பிறகு அதிகாரியின் குரல் இறங்கியது. "மூணாவது தடவையும் இப்படியே வந்தா நான் ஒண்ணும் பண்ண முடியாது சார். நம்பர் பிளேட்டைக் கழட்டிடுவாங்க. வண்டி உடைக்கத்தான் போகும். வர்ற செவ்வாய் வாங்க."

கார் போனால் என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். காலை ஆறு மணிக்கு எடைமேடைக்குப் போக வேறு வழியில்லை. வீட்டைக் காலி செய்துவிட்டு அந்தப் பூட்டிய அறைக்குப் போக வேண்டும். இரண்டு தலையணை அங்கே கொள்ளாது. சித்தி என்றாவது வந்தால் வர வேண்டிய வீடும், அவள் மனப்பாடமாக வைத்திருக்கும் வீட்டுத் தொலைபேசி எண்ணும் போய்விடும்.

திங்கட்கிழமை அந்தியில் காரைக் கிடங்குச் சுவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். மூட்டைகள் பின்னாலேயே இருந்தன. வெளிச்சத்தின் விளிம்பு கீழ்க் கோட்டில் அழகாக உட்கார்ந்திருந்தது. பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரைக் கையில் பிடித்தபடி நின்றார். பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

"சித்தப்பா, மூட்டையை இறக்கட்டுமா?"

"இரு."

"இருட்டிடும்."

"இருட்டினாத்தான் கோடு நல்லா தெரியும்."

எனக்குப் பொறுமை இல்லை, எப்போதும் இருந்ததில்லை. "ஒரு டெஸ்ட்டுக்குத்தானே? நாளைக்கு முடிச்சுட்டு வந்து மறுபடி பழையபடி வெச்சுக்குங்க. யாரு கேக்கப் போறா?"

"அந்த திருகாணி பிளாஸ்டிக். இருபத்தாறு வருஷம். இப்ப ஒரு தடவை தாங்கினா பெரிசு. ஏத்தி இறக்கின்னு விளையாட முடியாது."

"அப்ப ஏத்தினது ஏத்தினதாவே இருக்கட்டும்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஒரு ஆளுக்கு வெச்சுட்டா அப்புறம் வண்டி ஒரு ஆளுக்குத்தான்."

"இப்பவும் ஒரு ஆள்தானே ஓட்டறீங்க?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகு வாயை மூடி என்ன பயன்? அதைச் சரி செய்வதாக நினைத்து, "வேணும்னா இனிமே நான் பின்னாடி உக்காந்து வர்றேன், மூட்டைக்குப் பதிலா," என்றேன்.

"நீ எத்தனை நாளைக்கு உக்காருவ, ஊர்சுத்தி?"

கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பது போலக் கேட்டார். அப்போது என் பெட்டி பாதி அடுக்கிய நிலையில்தான் இருந்தது.

பின்கதவைத் திறந்து அவரே பெல்ட்டை விடுவித்தார். மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கித் தெருவோரம் வைத்தார். கார் பின்பக்கம் மெல்ல உயர்ந்தது. சுவரில் வெளிச்சம் கோட்டை விட்டுக் கீழே இறங்கி, அடியில் முளைத்திருந்த புல்லில் போய் விழுந்தது. என்னை எதிலும் ஏறச் சொல்லவில்லை. தன் எடைக்கு ஒரு மூட்டையை மட்டும் டிரைவர் சீட்டில் கொண்டுபோய் வைத்தார். அவர் எடையில் பாதிகூட இல்லாத மூட்டை. பிறகு யோசித்து இன்னொன்றையும் அதன் மேல் வைத்தார். இப்போது மணல்தான் அவர் இடத்தில் உட்கார்ந்திருந்தது.

இடப்பக்கத் திருகாணி சொன்னபடி கேட்டது. வலப்பக்கம் அசையவில்லை. எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, பானெட்டில் கைகளை ஊன்றிக்கொண்டு காத்திருந்தார். மறுபடி முயன்றார். படக் என்று ஒரு சத்தம். நான் குனிந்து பார்த்தேன். உடையவில்லை, பல வருடப் பிடிப்பு விட்டதுதான். கால் சுற்று, அரைச் சுற்று என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டே திருகினார். வெளிச்சம் புல்லிலிருந்து எழுந்து, சுவரில் ஏறி, கோட்டில் வந்து நின்றது. அதற்கு மேல் அவர் இன்னொரு தடவை திருகியிருந்தால் தாண்டிப் போயிருக்கும். இருபத்தெட்டு வருடக் கை, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்திவிட்டது.

ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துப் பையில் வைத்தார். "சாப்பிடலாம் வா," என்றார்.

செவ்வாய்க்கிழமை மூட்டைகளை ஏன் டிக்கியில் ஏற்றிக்கொண்டு வந்தார் என்று எனக்குத் தெரியவில்லை. சோதனை நிலைய வாசலில் அவற்றை இறக்கி வைத்துவிட்டு உள்ளே போனோம். பெட்டி தண்டவாளத்தில் நகர்ந்து வந்து இடப்பக்கம் நின்றது, வலப்பக்கம் நின்றது. அதிகாரி எண்ணை இரண்டு தடவை பார்த்தார்.

"அட, இப்ப நேரா பாக்குதே! என்ன சார் பண்ணுனீங்க?"

"ஒரு ஆளுக்கு வெச்சிருக்கேன்," என்றார் சித்தப்பா.

"டெஸ்ட்டே ஒரு ஆளுக்குத்தான் சார்," என்று சொல்லிப் பச்சை முத்திரை குத்தினார் அதிகாரி.

காரை வெளியே எடுத்தோம். பின்னாலேயே அதிகாரியின் குரல் வந்தது. "சார், உங்க மூட்டை! மறந்துட்டுப் போறீங்க!"

சித்தப்பா கதவுக் கண்ணாடியை இறக்கினார். நிலையத்துச் சுவரில் வரிசையாக மாட்டியிருந்த சிவப்பு வாளிகளைக் காட்டினார். தீப்பிடித்தால் அணைக்க மணல் வைக்கும் வாளிகள். பாதிக்கு மேல் காலி, ஒன்றில் யாரோ டீக் குவளையை எறிந்திருந்தார்கள்.

"அதுல கொட்டிக்குங்கம்மா. நல்ல மணல்."

வீடு வரும்வரை பின்பக்கம் லேசான கார் ஒவ்வொரு பள்ளத்திலும் துள்ளியது. மூன்று வருடமாகப் பழகாத துள்ளல். ஒவ்வொரு தடவையும் சித்தப்பாவின் பார்வை பின்பார்வைக் கண்ணாடிக்குப் போய்ப் பின்சீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியது.

அடுத்த வாரம் எனக்கு வேறு ஓர் ஊரில் வேலை கிடைத்துக் கிளம்பிவிட்டேன். பேருந்து நிலையத்துக்கு அவர்தான் காரில் கொண்டுவந்து விட்டார். பேருந்து நகரும்போது ஹெட்லைட்டை ஒருமுறை போட்டு அணைத்தார். பட்டப்பகல். பிறகு எப்போதாவது பேசுவோம். "எப்படி இருக்கீங்க?" "இருக்கேன்." "வண்டி?" "ஓடுது." செய்தி அனுப்பும் பழக்கம் அவருக்குக் கிடையாது. பதினான்கு மாதம் கழித்து, நான் இன்னொரு ஊருக்கு மாறியிருந்தபோது, ஒரு மத்தியானம் அவரிடமிருந்து முதல் செய்தி வந்தது. அதை அவர் எழுதியபடியே தருகிறேன்.

"உன் சித்தி வந்தா. ஏதோ பேப்பர்ல என் கையெழுத்து வேணுமாம். ரெண்டு நாள் இருந்தா. நல்லா இருக்கா, கண்ணாடி போட்டிருக்கா. நேத்து சாயங்காலம் வெளிய போனோம். முன்னாடி உக்காருன்னேன், பழக்கமில்லன்னு பின்னாடியே உக்காந்தா. திரும்பி வர்ற வழி பூரா எதிர்ல வர்றவன் எல்லாம் லைட் அடிச்சுக் காட்டறான். ஏன் எல்லாரும் இப்படித் திட்டறாங்கன்னு கேட்டா. வண்டி ஒரு ஆளுக்கு வெச்சிருக்குன்னேன். அப்புறம் வீடு வர்ற வரைக்கும் பேசல. சுவர் முன்னாடி நிறுத்தி, லைட்டை இறக்கி வெச்சுடட்டுமா, அஞ்சு நிமிஷம்தான்னு கேட்டேன். வேண்டாம், நாளைக்குக் கிளம்பிடுவேன்னா. சரின்னுட்டேன். நீ இப்ப எந்த ஊர்ல இருக்க?"